எதிர்வீட்டுக் கொழுக்கட்டையும் எங்கள் பிரியாணியும்

எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் கால் தரையில் பாவாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து ஞாயிறு ஒன்றில் அப்படித்தான் ஆனது. பூசையில் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்த ஃபாதர் சட்டென்று நிறுத்தி எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "உங்க தெருவுல எத்தன வூட்டு அடுப்பங்கரைக்குள்ள நீங்க போயிருக்கீங்க? கை தூக்க வேணாம். மனசுக்குள்ள எண்ணுங்க."

எண்ணினேன். எங்கள் தெருவில் ஒன்பது வீடுகள். எங்கள் வீட்டைக் கழித்தால் எட்டு. அந்த எட்டில் ஒன்றின் அடுப்பங்கரையும் எனக்குத் தெரியாது. கேட்டுகள் மட்டும் நன்றாகத் தெரியும், எது கிறீச்சிடும், எதன் தாழ்ப்பாள் கையைக் கடிக்கும் என்பது வரைக்கும். அயலாரை நேசிப்பது பற்றி மறைக்கல்வி வகுப்பில் மூச்சு விடாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள் நான். அந்தப் பரிசு டிபன் பாக்ஸ் இன்னும் வீட்டில் இருக்கிறது.

அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையில், ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் மனை போட்டு விற்றார்கள். நாங்கள் வாங்கி வீடு கட்டிக் குடிவந்து நாலு வருடம் ஆகிறது. எனக்கு ஈ.பி. ஆபீஸில் குமாஸ்தா வேலை. அதனால் தெருவில் எனக்கு ஒரே பெயர்தான், ஈ.பி.யம்மா. கரண்ட் போன மறு நிமிடம் ஏதாவது ஒரு கேட்டிலிருந்து குரல் வரும். "ஈ.பி.யம்மா, கரண்டு எப்ப வரும்?" நான் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வேன். கரண்ட் வந்துவிட்டால் எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். நாலு வருடத்தில் எங்களுக்குள் இருந்த போக்குவரத்து அவ்வளவுதான்.

இல்லை, இன்னொன்றும் இருந்தது. பலகாரத் தட்டு. கிறிஸ்துமஸுக்கு நான் எட்டு வீட்டுக்கும் கேக்கும் முறுக்கும் அனுப்புவேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் அனுப்புவார்கள். குறிப்பாக எதிர்வீட்டு அக்கா. உடையார்பாளையம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம், டவுனில் உரக்கடை வைத்திருக்கிறார்கள். அந்த அக்காவுக்கு எந்த விசேஷமும் தவறாது. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, ஆயுத பூசைக்குச் சுண்டல், பொங்கலுக்குச் சக்கரைப் பொங்கல். முதல் வருடம் தட்டை நீட்டியபோது, "படைச்சதாக்கா?" என்று கேட்டுவிட்டேன். ஆமாம் என்றார். படைத்ததைத் தொடக்கூடாது என்று எங்கள் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. அந்தக் கேள்வியைக் கேட்டது தப்போ என்று பிறகு தோன்றியது. அதற்கப்புறம் கேட்பதில்லை. சிரித்த முகமாய் வாங்கிக்கொள்வேன். சாப்பாட்டைக் குப்பையில் போட மனசு வராது. கொல்லையில் என் வீட்டுக்காரர் நாட்டுக்கோழி வளர்க்கிறார். கொழுக்கட்டையும் சுண்டலும் அங்கே போய்விடும். தட்டைக் கழுவி, வெறுந்தட்டாகக் கொடுக்கக்கூடாது என்று ஒரு கை சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

பூசை முடிந்து வண்டியில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தட்டு கிடையாது. தெருவே எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதுவும் ஆட்டுக்கறி பிரியாணி. பின்னால் உட்கார்ந்திருந்த மகள், "அம்மா, சிக்னல் போடாம திரும்புற," என்றாள். சிக்னல் எல்லாம் எனக்கு எங்கே ஞாபகம் இருந்தது?

வீட்டுக்காரர் சிமென்ட் ஆலையில் எடைமேடையில் வேலை பார்ப்பவர். எதையும் நிறுத்துத்தான் பேசுவார். கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே, "வருவாங்க. சாப்புடுவாங்களா?" என்றார்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. நான் தா.பழூர் பக்கத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் படிக்க வைத்தவர்கள். அறுப்பு நாளில் எங்களுக்குச் சோறு உண்டு, ஆனால் களத்து மேட்டில்தான். அந்த வீடுகளின் உள்கட்டை நான் பார்த்ததே இல்லை. இந்தத் தெருவுக்கு வந்த முதல் வாரத்தில் ஆளாளுக்கு, "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். சொன்னதும், "அங்க எந்தத் தெரு?" என்றார்கள். அதையும் சொன்னேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒருவரும் உள்ளே வந்து உட்காரவும் இல்லை. அதனால்தான் தட்டில் அனுப்பியது எனக்குப் போதவில்லை. என் வீட்டுப் பானையில் வெந்ததை, என் வீட்டுக்குள் உட்கார்ந்து, என் கண் பார்க்க அவர்கள் சாப்பிட வேண்டும். பிரியாணி என்று வெளியே சொல்லிக்கொண்டேனே தவிர, எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அடுத்த நாளே கடைவீதியில் பிரியாணி மாஸ்டர் பாயைப் பிடித்தேன். தெருவுக்கே சமைக்க வேண்டும் என்றதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கிறிஸ்மஸ் அன்னைக்கேவாங்க?" என்றார். "பின்ன, ஈஸ்டருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். டிசம்பர் பாதியில் ஒரு சாயங்காலம், புதுப்புடவை கட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக அழைக்கக் கிளம்பினேன். கல்யாணத்துக்கு அழைப்பது போல வெற்றிலை பாக்குத் தட்டு வேறு. வாயெல்லாம் பல்லாக எட்டு கேட்டையும் தட்டினேன்.

எல்லோரும், "வரோங்க, கண்டிப்பா வரோங்க," என்றார்கள். ஆனால் பிரியாணி என்று சொன்ன உடனே குரல் இறங்கிவிட்டது. லாரிக்காரர் வீட்டில் அவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார். எதிர்வீட்டில் அக்காவின் வீட்டுக்காரர் கறுப்பு வேட்டியும் துளசி மாலையும், நெற்றி நிறையச் சந்தனமுமாக வாசலில் நின்றார். "கறி பிரியாணி, அண்ணே. கட்டாயம் வரணும்," என்றேன். அவர் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாங்க," என்றார். இன்னும் நாலு வீட்டிலும் இதே கறுப்பு வேட்டி, இதே வெறுங்கால், இதே பாக்கலாம்.

படிக்கிற உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. கார்த்திகையும் மார்கழியும் ஐயப்பன் மாலை காலம் என்பது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தினமும் காலையில் அவர்கள் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டுச் சரணம் போடுவது என் அடுப்பங்கரை ஜன்னல் வழியே கேட்கும். காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. விரதத்தில் இருக்கிற தெருவைப் பார்த்து, கறி பிரியாணிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு, ஏன் தயங்குகிறார்கள் என்று கோபப்பட்டேன்.

கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. "பாத்தீங்களா, நம்ம வூடுன்னா அவங்களுக்குத் தொண்டைக்குள்ள எறங்காது," என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். நாலு நாள் நான் தெருவில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் கரண்ட் போய் எதிர்க் கேட்டிலிருந்து, "ஈ.பி.யம்மா," என்று குரல் வந்தது. வீட்டுக்குள் இருந்துகொண்டே காதில் விழாதது போல இருந்துவிட்டேன். அயலாரை நேசித்துப் பரிசு வாங்கியவள் செய்த வேலை இது.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அண்ணனும் அக்காவும் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள். கரண்ட் இருந்தது. அதனால் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அவர்கள் வந்து நின்ற தோரணை, பெண்ணைக் கொடுக்க முடியாது என்று சொல்ல வந்தவர்கள் மாதிரி இருந்தது.

"கோச்சுக்கக் கூடாதுங்க," என்று அண்ணன் ஆரம்பித்தார். "நம்ம தெருவுல அஞ்சு வூட்ல மாலை போட்டிருக்கோம். இருவத்தாறாந் தேதிதான் இருமுடி கட்டி மலைக்குப் போறோம். அதுவரைக்கும் கறி ஆவாது. வூட்ல பொம்பளைங்க, புள்ளைங்களுக்கும் ஆவாது. நீங்க அவ்வளவு ஆசையா வந்து கூப்புட்டீங்க. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரல."

அக்கா சேர்ந்துகொண்டார். "மூணு நாளா மொட்டை மாடில கூடிக் கூடிப் பேசுனாங்க. யாரு சொல்றது, எப்புடிச் சொல்றதுன்னு. லாரிக்காரரு, அன்னைக்குக் காலைல ஊருக்குப் போயிடலாம்ங்கறாரு. கடைசில எதுத்த வூடு நீங்கதானேன்னு எங்க தலைல கட்டிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. வெட்கத்தில் காது சூடேறியது. நான் ஒருத்தி மனம் நோகக்கூடாது என்று எட்டு வீடும் மூன்று நாள் கூடிப் பேசியிருக்கிறது. நான் ஆசைப்பட்ட தெரு மொட்டை மாடியில் ஏற்கெனவே கூடியிருந்தது. நான்தான் அங்கே இல்லை.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது. கேட்டுவிட்டேன். "அண்ணே, மாலை மட்டுந்தான் காரணமா?"

அவர் புரியாத மாதிரி நடிக்கவில்லை. "எங்க வூட்டுக்கு அது மட்டுந்தாங்க. மாலையக் கழட்டுன மறுநாள் கூப்புடுங்க, வரோம். எல்லா வூட்டுக்கும் சேத்து நான் வாக்குக் குடுக்க முடியாது. பொய் சொல்லக் கூடாதுல்ல, மாலைல இருக்கேன்."

அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அதே வேகத்தில், "அப்ப கிறிஸ்மஸுக்குச் சாம்பார் சாதம். பிரியாணி அப்பறம்," என்றேன். அக்கா தயங்கினார். விரதச் சாப்பாடு, கறி வெந்த பாத்திரத்தில் ஆகாது. என் வீட்டில் கறி வேகாத பாத்திரம் என்று பார்த்தால் டீ வடிகட்டிதான் தேறும். மூன்று பேரும் யோசித்துக்கொண்டு நின்றோம். திடீரென்று அக்கா தெருக்கோடியில் கிடந்த காலி மனையைக் கை காட்டினார். "அங்க அடுப்பு வெட்டிக்கலாம். பாத்தரம் எங்களுது. வெறகு உங்களுது. சேந்து ஆக்குவோம்."

நான் குதித்தேன் என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம்.

பாய்க்குப் போன் போட்டேன். "பாய், தேதிய மாத்துங்க. புது வருசத்துக்கு."

"நீங்க வந்து சொன்னப்பவே நெனச்சேங்க, மாலை சீசன்ல யாரு தெருவுக்கே கறி போடுறாங்கன்னு," என்றார் பாய். "கேட்டா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு வுட்டுட்டேன். இன்ஷா அல்லா, புது வருசத்துல ஜமாச்சிடலாம்." என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்த மூன்று நாள் போல ஒரு மூன்று நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை. காலி மனை முழுக்கச் சீமைக்கருவேலம். ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் தெரு ஆண்கள் எல்லாம் அரிவாளும் கடப்பாரையுமாக அதில் இறங்கியிருந்தார்கள். வெறுங்காலில் முள் குத்தாமலிருக்க மாலைக்காரர்கள் தள்ளி நின்று கட்டளை போட, மற்றவர்கள் வெட்டினார்கள். மண்ணைக் கொத்தும்போது கல்லாகிப்போன கிளிஞ்சல்கள் கிடைத்தன. இந்தப் பக்கத்து மண்ணில் எங்கே தோண்டினாலும் கிடைப்பதுதான். பிள்ளைகள் அவற்றைக் கழுவி, எங்கள் வீட்டுக் குடிலுக்குக் கொண்டுவந்து, குழந்தை இயேசுவின் தலைமாட்டில் வரிசையாக வைத்தார்கள். எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து குடிலுக்கு வைக்கோல் வந்தது. என் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துத் தெருக்கோடி வரை சீரியல் பல்பு போட்டேன். ஒன்பது வீட்டு மாடியிலிருந்தும் ஆள் எட்டிப் பார்த்து, "இப்புடி இழுங்க, அப்புடிக் கட்டுங்க," என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாலு வருடமாக இந்தக் குரல்களை எல்லாம் எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் எட்டு மணிக்கே மனையில் அடுப்பு எரிந்தது. மகள் மட்டும், "கிறிஸ்மஸுக்கு யாராவது சாம்பார் சாப்புடுவாங்களாம்மா?" என்று முனகினாள். அக்கா தலைக்குக் குளித்து ஈரக்கூந்தலோடு பெரிய பித்தளை அண்டாவின் முன்னால் நின்றார். "குளிச்சாச்சுல்ல ஈ.பி.யம்மா? அப்ப உக்காருங்க, காய் அரிங்க. வெங்காயம் வேணாம், பூண்டு வேணாம்," என்று என் பக்கம் அரிவாள்மணையைத் தள்ளினார். நான் பூசணியும் கத்தரிக்காயும் அரிந்தேன். அரிந்ததை அவர் கையாலேயே அள்ளி அண்டாவில் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாடு தயாரானதும் அவர்கள் ஒரு மூலையில் ஐயப்பன் படம் வைத்து இலை போட்டார்கள். படைப்பதற்கு முன்னால், அக்கா ஒரு தூக்குவாளியில் சாதம், சாம்பார், பாயசம் எல்லாம் எடுத்து மூடி, என் கையில் கொடுத்தார்.

"இது உங்க வூட்டுக்கு. படைக்காதது. மொதல்லயே எடுத்து வச்சுட்டேன்."

"எதுக்குக்கா இது தனியா?"

"நீங்க மொத வருசம் கேட்டீங்களே, படைச்சதான்னு. அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது, உங்களுக்கு அது ஆவாதுன்னு. அதுலேர்ந்து கொழுக்கட்டையானாலும் பொங்கலானாலும் உங்க வூட்டுப் பங்க மொதல்ல எடுத்து வச்சுட்டுத்தான் படைப்பேன்."

"நாலு வருசமாவா?"

"பின்ன? சொல்லிக் காட்டுறாப்புல இருக்கும்னு சொல்லல."

தூக்குவாளி சூடாக இருந்தது. கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் என் வீட்டுச் சோற்றைத் தொடுவார்களா என்று நாலு நாள் குமுறியவள் நான். நாலு வருடமாக அவர் சோற்றைத் தொடாதவளும் நான்தான். என்னைப் புண்படுத்தக் கூடாது என்று தன் சாமிக்குப் படைக்கும் முன்பே எனக்கு எடுத்து வைத்திருக்கிறார். அதைக் கொண்டுபோய்க் கோழிக்கு வீசியிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்துக்கு ஃபாதரிடம் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் பாவம் செய்தது ஃபாதருக்கு இல்லையே. அந்த அடுப்புப் புகையிலேயே சொல்லிவிட்டேன்.

"அக்கா, நான் ஒண்ணக்கூடச் சாப்புடல. படைச்சதுன்னு நெனச்சு எல்லாத்தையும் எங்க கோழிக்குப் போட்டுட்டேன்."

அக்கா கரண்டியை அண்டாவின் விளிம்பில் சாய்த்து வைத்தார். என்னையே பார்த்தார். முகம் ஒரு கணம் சுருங்கியதை நான் பார்த்தேன். அதை மறைத்து எழுத மாட்டேன். அவர் திரும்பி, எங்கள் கொல்லைப் பக்கம் பார்த்தார். அங்கே என் வீட்டுக்காரரின் சேவல் மதில்மேல் நின்றது.

"அதான் அது அம்மாம் பெருசா இருக்கு," என்றார். "பாய்கிட்ட ஆடு வேணாம்னு சொல்லுங்க. புது வருசத்துக்கு இந்தக் கோழியப் போடுங்க. எங்க கொழுக்கட்டைய நாங்களே தின்னுக்கறோம்."

அவர் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்று சாம்பார் சாதத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவர்கள் சரணம் சொன்னார்கள். நாங்கள் சிலுவை போட்டுக்கொண்டோம். முனகிய மகள் பாயசத்துக்கு இரண்டு முறை கை நீட்டினாள்.

மறுநாள் அவர்கள் இருமுடி கட்டி மலைக்குக் கிளம்பினார்கள். வேன் ஏறும்போது அண்ணன், "கோழிய ஓட வுட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம். பேர் வைக்காத குறையாக வளர்த்த கோழிகள். இரண்டு நாள் கூண்டுப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "சேவல மட்டும் வுட்டுடு," என்றார். சரி என்றேன். மற்ற எங்கள் கோழிகளெல்லாம் பிரியாணிக்குப் போயின, போதாததற்குப் பாய் பண்ணைக்கோழி கொண்டுவந்தார்.

புது வருடத்தன்று மத்தியானம் ஆறு வீடுகள் வந்தன. இரண்டு வீடுகள் வரவில்லை. ஒரு வீட்டில் தலைவலி என்றார்கள், இன்னொரு வீட்டில் ஊருக்குப் போயிருந்தார்கள். நம்பினேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. அடுத்த வருடமும் வெற்றிலை பாக்கோடு போவேன், இந்த முறை நாட்காட்டியைப் பார்த்துவிட்டு. வந்த ஆறு வீடும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தது. சத்தத்தில் யார் என்ன கேட்கிறார்கள் என்றே தெரியவில்லை. நடுவில் கரண்ட் போனது. ஒருவரும் என்னை எப்போது வரும் என்று கேட்கவில்லை. கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள்.

எதிர்வீட்டு அக்காவைக் கூடத்தில் காணோம். தேடிக்கொண்டு போனால், என் அடுப்பங்கரையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். என் தட்டை அவரே எடுத்து, என் சட்டியிலிருந்து அவரே போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கோழிக்காலை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார். வெளியே யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"வீணாப் போவல தங்கச்சி. நம்ம கொழுக்கட்டைதான்."